கடைசி அறையின் நிறம்

மைக்கை அந்த மாமி கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது லேசான காரியம் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒலிபெருக்கி வாடகைக் கடை ஒன்றில் நான் வேலை பார்த்தபோது கட்சிக் கூட்டம், கல்யாணம், கோயில் உற்சவம் என்று எல்லா இடத்துக்கும் மைக் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் மூச்சு வாங்கும்போது பிடியைக் கொஞ்சம் தளர்த்துவார். மாமி தளர்த்த மாட்டார். நான் ஒயரைப் பிடித்து மெதுவாக இழுப்பேன். அவர் பேச்சை நிறுத்தாமலே என் கையைத் தட்டிவிடுவார்.

அவரை நான் பார்த்தது, அனிமேஷன் படங்களையும் வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களையும் பற்றிப் பேசுவதற்கென்றே வருடம் ஒருமுறை இளைஞர்கள் கூடும் கூட்டத்தில். இடம் ஓர் ஆடிட்டோரியம். அந்த ஊரில் கல்யாண மண்டபத்துக்கு அதுதான் பெயர். முதல் நாள் நடந்த கல்யாணத்தின் பூ அலங்காரத்தைப் பாதி பிய்த்த நிலையில் கூட்டம் தொடங்கிவிடும். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த தங்க நிற சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, ஒரு கார்ட்டூன் முயலின் காது எந்தப் படத்திலிருந்து நீளமானது என்று சண்டை போடுவார்கள். அதற்குப் பேனல் என்று பெயர். கீழே இருநூறு நாற்காலியில், கார்ட்டூன் பாத்திரங்களைப் போல வேஷம் போட்டு வால் வைத்தவர்கள், கொம்பு வைத்தவர்கள், நீல முடிக்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் ராட்டினம் ஓட்டியிருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை ராட்டினம் என்றால் கிரீஸ், டீசல், வாந்தி எடுத்த இடத்தில் கொட்டும் மணல். இடித்துப் பல வருடம் ஆன ஒரு ராட்டினத்தைப் பற்றி மனிதர்கள் கண் கலங்கிப் பேசுவதை அங்கேதான் முதலில் பார்த்தேன். சிரிப்பு வந்தது. இரண்டாம் வருடம் சிரிப்பு வரவில்லை. வேலையை முடித்துவிட்டு நானும் சுவரில் சாய்ந்து கேட்கத் தொடங்கினேன்.

மாமி எப்போதும் முதல் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சணல் பை, ஒரு பிளாஸ்க். ஊருக்குள் ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு பழைய வீட்டின் முன்பாதியில் தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பயண ஏஜென்சி ஒன்றில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை. வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற பாதி ஊர் அவர் கையால் டிக்கெட் வாங்கியதுதான். "பிராங்க்பர்ட்ல இறங்கி வலது பக்கமா நடக்கணும், இடது பக்கம் போனா மாட்டிப்பேள்" என்று உள்ளூரில் இருக்கும் சாலைக் கடைத்தெருவுக்கு வழி சொல்வதைப் போலச் சொல்வார்.

எதைச் சொன்னாலும் அப்படித்தான். 'என்று நினைக்கிறேன்', 'இருக்கலாம்' என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் ஒரே குரல்.

ஒரு தடவை அந்த இளைஞர் கூட்டம் பொன்முடி மலைக்குச் சுற்றுலா கிளம்பியது. ஸ்பீக்கர் தூக்க நானும் போனேன். தம்பானூர் பஸ் நிலையத்தில் மாமி ஒரு பஸ்ஸைக் காட்டி, "இதான், ஏறுங்கோ" என்றார். போர்டில் பாலோடு என்று வேறோர் ஊரின் பெயர் எழுதியிருந்தது. மலையாளம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போர்டைப் பார்த்தார்கள், மாமியைப் பார்த்தார்கள், ஏறி உட்கார்ந்தார்கள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், பொன்முடி என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டு மலையாளத்தில் சொன்னார்: "இந்த அம்மா இன்னும் ஒரு தடவை சொன்னால் நம் டிரைவரே மலைக்குத் திருப்பிவிடுவார் போலிருக்கிறது."

பாலோட்டில் இறங்கி ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். மாமி எலுமிச்சை சாதப் பொட்டலங்களைப் பிரித்தார்.

"மேல இன்னிக்கு மூடுபனி. ஒண்ணும் தெரியாது. இதுதான் நல்ல இடம், கேட்டேளா?"

திரும்பி வரும்போது, மலைக்குப் போய்வந்த ஒரு குடும்பத்தை பஸ்ஸில் பார்த்தோம். காலை முதல் வானம் பளிச்சென்று இருந்ததாம். மாமி அசரவில்லை. "அவா பார்த்தது வேற பக்கம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனார்.

எனக்கும் அந்தக் குரல் ஒரு தடவை உதவியது. மழை மாதம், கல்யாணங்கள் இல்லை, கடையில் வேலை இல்லை. கடையின் பரணில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு ஒரு வேளை பரோட்டாவில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதில் பெரிய துயரம் ஒன்றும் இல்லை, எனக்குப் பழக்கம்தான். தெருவில் எதிரே வந்த மாமி நின்று என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வந்துடு. உனக்கு எரிசேரி பிடிக்கும்."

எரிசேரி என்ற அந்தக் கேரளக் கூட்டை அதுவரை நான் வாயில் வைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் சொன்னபடி பிடித்துத்தான் போனது. அதன் பிறகு அந்த ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை எனக்கு அங்கேதான் சாப்பாடு. என் பெயரை அவர் கேட்டதே இல்லை. 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கூட்டத்தில் அவருக்கு இருந்த மரியாதைக்குக் காரணம் ஒரு படகு. அமெரிக்காவில் ஏதோ ஒரு பூங்காவில் இருட்டுக் கால்வாய்க்குள் போகும் படகுச் சவாரி அது. இரண்டு பக்கமும் வரைந்த காட்சிகள், இயந்திரத்தால் கண் சிமிட்டும் பொம்மைகள். கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணி வரைந்த ஓவியர்களே அந்தச் சுவர்களையும் வரைந்தார்களாம். பிற்பாடு அதை இடித்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் அதற்கு நிலாப் படகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் போனவர்கள் எடுத்த படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஆனால் கடைசி அறையான நிலா அறைக்குள் நுழையும் முன்பு கேமராவை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். அந்த அறையின் படம் யாரிடமும் இல்லை. உள்ளே ஒலித்த பாட்டும் இல்லை.

மாமி அந்தப் படகில் போயிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தன்னை அழைத்துப் போனதாக முதல் வருடமே சொல்லிவிட்டார். நிலா அறை எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் பதில் தயார்.

"முழுக்கச் சாம்பல். தண்ணி, சுவர், பொம்மை எல்லாம் சாம்பல். நிலா வெளிச்சத்துல நிறம் ஏது?"

இந்தச் சாம்பலை வைத்து ஒருவர் ஒரு மணி நேரம் உரை நிகழ்த்தியதை நான் கேட்டிருக்கிறேன். அறைக்கு அறை நிறத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் முழுவதும் துறந்துவிட்டார்களாம் அந்த ஓவியர்கள். கைத்தட்டல் அடங்க நேரம் ஆனது. மாமி எழுந்து நின்று கும்பிட்டார்.

கூட்டத்தை நடத்துகிற அஞ்ஜனா என்ற மலையாளிப் பெண் அதற்கும் மேலே போனாள். அந்தப் படகுச் சவாரி முழுவதையும் கம்ப்யூட்டரில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். பகலில் டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை, மீதி நேரமெல்லாம் இது. மற்ற அறைகளை இணையப் படங்களைப் பார்த்துச் செய்தாள். நிலா அறையை மாமியின் வாயைப் பார்த்துச் செய்தாள். "அந்தப் பொம்மை எந்தப் பக்கம் பார்க்கும் மாமி?" என்று கேட்பாள். மாமி சொல்வார். அவள் உடனே எழுதிக்கொள்வாள்.

அந்த வருடக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குச் சில வாரங்கள் முன்பு, கொச்சியிலிருந்து ஓர் ஆள் இணையத்தில் கேட்டுவிட்டார்: ஒரு அம்மாள் சொன்னதைத் தவிர இந்தச் சாம்பலுக்கு என்ன ஆதாரம்?

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாமி கடைக்கு வந்தார். எங்கள் கடையில் பழைய கல்யாண கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையும் உண்டு. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மாமி சணல் பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுல நிலாப் படகு இருக்கு. கடைசிப் பகுதி மட்டும் போரும். கொச்சிக்காரன் வாயை அடைக்கணும்."

நான் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இவ்வளவு நாள் வச்சிருந்தீங்களா மாமி? அந்தப் பிள்ளைங்க இதுக்குத்தானே தவம் கெடக்கு."

"சத்தத்தை மட்டும் எடுத்துடு."

"சத்தத்தை எடுத்தா பாட்டும் போயிருமே."

"போகட்டும். சாரமில்லை, பரவாயில்லை."

கேசட் ஓட்டும் டெக்கில் போட்டேன். படகுக்காரர்கள் அணைக்கச் சொன்னதைக் கேட்காமல் அவர் அண்ணன் கேமராவை மடியில் வைத்து மறைத்து எடுத்திருக்கிறார். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இருட்டு, தண்ணீர்ச் சத்தம், அப்புறம் ஒரு வளைவு. திரை முழுக்க ஆரஞ்சு நிறம் பொங்கியது. நிலா நடு வானத்தில் இல்லை, கடலிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர், சுவர், பொம்மைகளின் கன்னம், எல்லாவற்றின் மேலும் அந்த நிறம்.

கூடவே பாட்டு, அதற்கு மேல் அண்ணனின் குரல், ரகசியம் பேசுவது போல: "இதோ பார்றீ. இதான் கடைசி ரூம். இந்தப் பக்கம் பாரு, மீன் குதிக்கறது. உனக்கு விசா குடுத்திருந்தான்னா இப்போ என் பக்கத்துல உக்காந்திருப்பே. சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்."

நான் நிறுத்தினேன். மாமி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது ஏன் கலரா இருக்கு?"

அமெரிக்க கேசட்டில் படம் பதியும் முறை வேறு, நம்மூர் முறை வேறு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பழைய டெக்கில் போட்டால் நிறம் வராது, படம் மட்டும் உருண்டுகொண்டு ஓடும். எங்கள் கடை டெக் இரண்டையும் ஏற்கும்.

"பக்கத்தாத்து டெக்குலதான் பார்த்தேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்பறம் அவா டெக்கே போயிடுத்து." மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மத்த ரூமெல்லாம் கலர்னு இன்டர்நெட்ல பார்த்தப்போ, சரி, கேசட்தான் மட்டம்னு விட்டுட்டேன். ஆனா இது நிலா ரூமாச்சே. இது மட்டும் சாம்பலாத்தான் இருக்கணும்னு தீர்மானம் பண்ணினேன்."

"அப்ப நீங்க போகல."

"விசாவுக்கு ரெண்டு தடவை சென்னைக்குப் போய் நின்னேன். குடுக்க மாட்டேன்னுட்டான். ஏன்னு சொல்லலை." விமான நேரம் சொல்வதைப் போலத்தான் இதையும் சொன்னார். "ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் குடுக்கறவ நான். அந்தக் குழந்தைகள் 'போயிருக்கேளா'ன்னு கேட்டப்போ வாய் 'ஆமா'ன்னுடுத்து. ஒரே ஒரு ஆமா. அப்பறம் தினம் அதுக்குச் சோறு போட வேண்டியதாப் போச்சு."

"அண்ணன் என்ன சொல்லுதாரு?"

"அவனுக்கு இப்படி ஒரு படகுல போனதே ஞாபகம் இல்லைங்கறான்."

வெளியே யாரோ ஆம்ப்ளிபயர் கேட்டு வந்தார்கள். அனுப்பிவிட்டு வந்தேன்.

"மைக்கு, நிறத்தையும் எடுத்துட முடியுமோ?"

"முடியும். அது ஒரு பொத்தான்தான் மாமி."

எடுத்துக் காட்டினேன். சத்தம் இல்லை, நிறம் இல்லை. அவர் இத்தனை வருடம் சொன்ன நிலா அறை அப்படியே ஓடியது. இதைக் காட்டினால் கொச்சிக்காரர் வாய் மூடிவிடும். மாமி முதல் வரிசையிலேயே இருப்பார். அஞ்ஜனா கட்டிய சாம்பல் அறையை உலகம் முழுக்க உள்ள அவளைப் போன்றவர்கள் நிஜம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நிறமும் அந்தப் பாட்டும் இந்த மேசைமேல் இருக்கும் கேசட்டோடு முடிந்துபோகும். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சோறு போட்ட மனுஷி. நிறமும் சத்தமும் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாகப் பதிந்து வைத்தேன். "நாளைக்குச் சொல்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மாமியை மேடையில் அந்தத் தங்க சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். கையில் மைக். மாமியிடம் ஒரு படம் இருக்கிறது என்று அஞ்ஜனா அறிவித்ததும் எழுந்த கூச்சலில் என் ஸ்பீக்கர்கள் தோற்றுப்போயின. நான் மேடைமேல் ஏறி, ஒயரைச் சரி செய்வது போலக் குனிந்தேன்.

"மாமி, எதைப் போடட்டும்?"

"சாம்பல்ல அந்த மீன் குதிக்கறது தெரியவே இல்லைடா."

"அதுக்காகவா?"

"பின்னே? அந்தப் பொண்ணு கண்ணு கெட்டுப்போற மாதிரி உக்காந்து பண்ணியிருக்கா. மீனே இல்லாம பண்ணியிருக்கா. அண்ணா சொன்னது காதுல விழுந்திருக்கு, ஆனா நானே அதைக் கண்ணால பார்த்தது நேத்திக்குத்தான், அதான் அவகிட்டச் சொல்லலை. கலரைப் போடு. சத்தத்தோட."

போட்டேன். ஆரஞ்சு வந்ததும் கூட்டம் 'ஹோ' என்றது. பிறகு குரல் வந்தது. அந்த ஊரில் தமிழ் புரியாதவர்கள் குறைவு. விசா என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டேன். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. சாம்பலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்ஜனாதான் கேட்டாள். மேடைக்குக் கீழே, கணினிக்குப் பக்கத்தில் நின்றபடி. "மாமி போயிட்டில்லே?" போகவே இல்லையா என்று அர்த்தம்.

"போகலை" என்றார் மாமி. மைக்கில், அதே குரலில்.

"அப்போ சாம்பல்?"

"அதுவும் தப்பு. பழைய டெக்குல கறுப்பு வெள்ளையாப் பார்த்தது. இப்போ எல்லாரும் பார்த்தாச்சு, கலர்தான். நீ பண்ணினதை மாத்தணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ "நாணமில்லே?" என்றார்கள். மாமி அந்தத் திசையைப் பார்த்து, "உண்டு. கேள்வி இருந்தா கேளுங்கோ" என்றார். அஞ்ஜனா கணினியை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். இரண்டு மூன்று பேர் அவள் பின்னால் போனார்கள். மற்றவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். நான் மைக்கை வாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். மாமி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சோபாவில் ஒற்றை ஆளாக. இறங்கிப் போகலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். போகவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அப்போது அஞ்ஜனா திரும்பி வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், முன்முடி ஈரமாக இருந்தது. மாமியைப் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"சேட்டா, ஒண்ணூடெ இடாமோ? நிறுத்தி நிறுத்தி."

இன்னொரு தடவை போட்டேன், நிறுத்தி நிறுத்தி. அவள் திரைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கணினியை மடியில் திறந்து, சுவரின் நிறத்தை மாற்றத் தொடங்கினாள். ஓர் ஆரஞ்சு வைத்தாள், சரியில்லை என்று எடுத்தாள். இன்னொன்று வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"இதெந்து கலரா மாமி?"

"பழுத்த பாக்கு" என்றார் மாமி உடனே. "தோலோட இருக்கற பழுத்த பாக்கு. அதேதான்."

அஞ்ஜனா உடனே எழுதவில்லை. திரையை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் எழுதிக்கொண்டாள்.